இடக்கை முடிச்சு

அக்டோபர் 13, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பத்து மணிக்கு விட்டது. கண்மாய் நிரம்பி மிச்சத் தண்ணீர் கலிங்கில் வழிகிறதாம், பால்காரர் சொன்னார். மதியம் கொல்லைக் கதவைத் திறந்தேன். தாழ்ப்பாள் துருவேறி இறுகிப் போயிருந்தது. சுத்தியலால் நாலு தட்டு தட்ட வேண்டியிருந்தது. இரண்டு மழைக்காலமாகத் திறக்காத கதவு.

கொல்லையை ஒட்டிய கலிங்கு வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். கலங்கல். இரைச்சல் அடுப்படி வரை கேட்கிறது.

என் புருஷனை எடுத்துக்கொண்ட தண்ணீர். கரண்டாவது கொடுக்கட்டும்.

வேண்டியவை:
– கடையில் கிடக்கும் பழைய பச்சை சீலிங் ஃபேன்
– சைக்கிள் பின் சக்கரம், செயின்
– நாலு இஞ்சு பி.வி.சி. குழாய் ஒரு நீளம்
– காந்தம் (பார்சல் வந்ததா பார்)
– பைக் பேட்டரி
– மூங்கில்
– வெங்காயம், பால்

சாயங்காலம் ஜெனி போன், திருச்சி ஹாஸ்டலில் இருந்து. "என்னம்மா அங்க சத்தம்?" என்றாள். வாய்க்கால் என்றேன். உடனே போனை வைத்துவிட்டாள். நர்சிங் படிக்கிற பெண், எத்தனையோ பார்க்கிறாள். இந்தச் சத்தம் மட்டும் தாங்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

தூறல். அன்னவாசல் கடைத்தெருவே ஈயோட்டுகிறது, எங்கள் மோட்டார் ரிப்பேர் கடையும்தான். மழை நாளில் யாருக்கும் மோட்டார் எரியாது. மழை விட்டு ஒரு வாரம் கழித்து எரியும், அப்போது ஊரே ஒரே நாளில் தூக்கிக்கொண்டு வந்து "சாயந்தரம் வேணுங்க" என்று நிற்கும்.

சும்மா இருந்த நேரத்தில் ஃபேனைப் பிரித்தேன். உள்ளே இருந்த காயிலை வெட்டி எறிந்துவிட்டுத் தடித்த கம்பியில் புதிதாகச் சுற்றினேன். சுற்று கம்மி, பன்னிரண்டு வோல்ட் வந்தால் போதும். வெளிக்கூட்டில் காந்தங்களைப் பசை போட்டு ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். மின்சாரம் குடித்துச் சுற்றின ஃபேன், இனி சுற்றி மின்சாரம் தரவேண்டும்.

காயிலை நாடாவால் இறுக்கிக் கட்டும்போது எதிரே பார்க்கவில்லை. எதிரே அவர் ஸ்டூல்.

இந்த மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் இத்தனை வருஷமும் காயில் கட்டினோம். அந்தோணிக்கு இடது கைப் பழக்கம். அவர் போடும் முடிச்சு இடப்பக்கம் சுற்றி, வால் இடப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். எதிரில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக் கற்றவள் நான். கண்ணாடி பார்த்துத் தலை சீவின கதை. என் முடிச்சு வலப்பக்கம் சுற்றும், வாலும் வலப்பக்கம். மற்றபடி இரண்டும் ஒன்றுதான். நாடாவோ கயிறோ, இப்படிக் கட்டுகிற ஆள் இந்தப் பக்கத்தில் நாங்கள் இருவர் மட்டுமே. எப்போதோ கட்டிய மோட்டார் திரும்பி வந்தால், மூடியைக் கழற்றியதுமே, "இது ஒன் கட்டு மேரி, அதான் எரிஞ்சிருச்சு" என்பார். அவர் கட்டு எரிந்து வந்தால் அன்றைக்கு மட்டும் வாய்க்குப் பூட்டு.

அக்டோபர் 16, வியாழன்

வெயில். ஈரப் புழுக்கம். லீவு போட்டேன் (எனக்கு நானேதான் முதலாளி).

சேசு வந்தார். அந்தோணியின் தம்பி, என் கொழுந்தன். மூங்கில் சட்டம் இறுக்க ஆள் வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். குழாயை நெடுக்காகப் பிளந்து, சைக்கிள் சக்கரத்தைச் சுற்றி அகப்பை அகப்பையாக போல்ட் போட்டு வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மதினி, ரைஸ் மில்லு வைக்கப் போறீங்களா?"

"ஆமா. நெல்லக் கொண்டாங்க, அரைச்சுத் தாரேன்."

சிரிப்பெல்லாம் வாய்க்கால் கரைப் பூவரச மரத்தடிக்குப் போகிற வரைக்கும்தான். அங்கே நின்றதும் முகம் மாறிவிட்டது. எனக்கும்தான்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், இதே கலிங்குத் தண்ணீர் இடுப்பளவு ஓடின அன்று, அக்கரைக் கிணற்று மோட்டார் மூழ்கப் போகிறது என்று கூப்பிட்டார்கள். பூவரசில் கயிற்றைக் கட்டி, மறு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். கயிறு வந்தது. ஆள் வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் வாய்க்கால் போய்ச் சேரும் ஆறு வரைக்கும் போய்த் தேடினார்கள். போகும்போது கயிற்றை அறுத்துக்கொண்டு போனார்கள். மரத்தில் அவர் போட்ட முடிச்சு மட்டும் கிடந்தது. அடுப்படி ஜன்னலில் இருந்து தினமும் பார்த்தேன், அது மக்கி உதிரும் வரை.

சேசு வேலை முடிந்து கை கழுவும்போது ஆரம்பித்தார்.

"கல்லறைத் திருநாள் வருதுல்ல மதினி. இந்த வருஷமாச்சும் அண்ணனுக்கு ஒரு சிலுவை நட்டுருவோம். ஃபாதர்ட்டயும் பேசிட்டேன். ஒடம்பு இல்லாட்டியும் பரவால்லயாம். அண்ணன் பொழங்குன பொருளு எதையாச்சும் வச்சுக் குழிய மூடி மந்திரிச்சுத் தாரேன்னாரு."

"செத்தவங்களுக்குத்தான் சிலுவை."

"மதினி…"

"காபி ஆறுது, குடிங்க."

குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். அதனால்தான் கோபமாக வருகிறது.

அக்டோபர் 17, வெள்ளி

எரிந்தது!

சட்டத்தை இறக்கினேன். சக்கரம் முதலில் யோசித்தது, அப்புறம் சுற்றத் தொடங்கியது. செயின் ஃபேனை இழுக்க, மீட்டரில் எண் ஏறி, பேட்டரிக்குப் போய், கொல்லைச் சுவரில் மாட்டின எல்.இ.டி. பல்பு எரிந்தது. பகல் வெளிச்சத்தில் பல்பு எரிவது பார்க்க அசட்டுத்தனமாக இருந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். அக்கரையில் ஆடு மேய்த்தவர் பார்த்துக்கொண்டே நின்றார், நின்றுவிட்டுப் போகட்டும்.

குழாய்த் துண்டுகள் தண்ணீரில் அறைகிற சத்தம்: சளப், சளப். ஒருத்தர் செருப்பு நனைய நடந்து வருகிற சத்தம். முதலில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

காலையில் கருவேலங்கொப்பு ஒன்று அடித்துவந்து இரண்டு அகப்பை காலி. மாற்றினேன். இனி ராத்திரி நேரத்தில் சக்கரத்தைத் தண்ணீரில் விடக்கூடாது. சட்டத்தின் தலையில் கயிறு கட்டி, பூவரசுக் கிளை மேலாகப் போட்டு இழுத்தால் சக்கரம் தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கிறது. கயிற்று நுனியை அடிமரத்தில் முடிச்சுப் போட்டுவிட வேண்டியது. காலையில் அவிழ்த்து இறக்க, மாலையில் தூக்கிக் கட்ட.

வேறு மரம் இல்லை. அதே மரம்தான்.

பேட்டரி மாலை: 12.2. பகலெல்லாம் பல்பு எரிந்தால் இந்த அளவுக்கு இறங்கிவிடுகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தூறல்.

பேட்டரி காலை: 12.7.

நேற்று மாலை 12.2. ராத்திரி முழுக்கச் சக்கரம் மேலே தொங்கியது. பல்பும் அணைத்திருந்தேன். சும்மா கிடந்த பேட்டரி கொஞ்சம் இறங்கலாம், ஏறக் கூடாது. மீட்டரில் செல் பழசாகியிருக்கும். நாளை மாற்று.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரெல்லாம் வெடிச் சத்தம். பக்கத்து வீட்டில் இருந்து அதிரசம், முறுக்கு.

மீட்டருக்குப் புதுச் செல். நேற்று மாலை 12.1. இன்று காலை 12.7.

கயிற்றை அவிழ்க்கப் போனேன். கை வழக்கமான பக்கம் போய் வாலைத் தேடியது. வால் அங்கே இல்லை.

இடப்பக்கம் இருந்தது.

மூன்று அதிரசம் தின்றேன். பசி இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

முந்தாநாள் நான்தான் மாற்றிக் கட்டியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். நேற்று மாலை பார்த்துப் பார்த்து, வலப்பக்கம், வாயால் சொல்லிக்கொண்டே கட்டினேன்.

காலை: இடப்பக்கம். 12.8.

சேசுவைக் கூப்பிட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. கயிறு நழுவுது, நீங்க கட்டிக் காட்டுங்க என்றேன். செருப்பு வாரை முடிகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டார். தொட்டதும் அவிழ்ந்தது. இவர் இல்லை. வேறு யாருக்கும் இந்தக் கட்டு தெரியாது.

"ஏன் மதினி ஒரு மாதிரி இருக்கீங்க?"

"தூக்கம் இல்ல."

"தூக்கத்துல எந்திரிச்சு நடக்குறீங்களோ? எங்க பெரியம்மா ஒண்ணு அப்படித்தான், அடுப்படியில போயி பாத்திரம் வெளக்கும்."

பகடியாகத்தான் சொன்னார். எனக்குச் சட்டென்று பிடித்துக்கொண்டது. இருக்கலாம். அப்படி இருந்துவிட்டால் நல்லது.

அக்டோபர் 23, வியாழன்

நேற்று மழை இல்லை. மரத்தைச் சுற்றி அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினேன். கொல்லைக் கதவைப் பூட்டினேன். சாவியை அரிசிப் பானையில் ஆழத்தில் புதைத்து, அரிசியைத் தடவிச் சமமாக்கி, மேலே உள்ளங்கையை அழுத்திப் பதித்து வைத்தேன். முன்வாசல் வழியாகக் கொல்லைக்கு வர வழியில்லை, இரண்டு பக்கமும் சுவர்.

காலை. அரிசியில் உள்ளங்கை அப்படியே. ரேகைகூட.

சாம்பலில் கோழிக்கால் மட்டும்.

முடிச்சு: இடப்பக்கம். கயிறு நனைந்திருந்தது. மழை இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 25, சனி

ஒளிந்து நின்று பார்க்கலாமே என்று யாரும் கேட்பார்கள். யாருக்கும் சொல்லவில்லை, அதனால் கேட்க ஆள் இல்லை. எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். வேண்டாம். பார்த்தால் ஒன்று அவர் இருப்பார், அல்லது இருக்க மாட்டார். இரண்டையும் நான் தாங்க மாட்டேன்.

ஆனால் படுத்திருக்கும்போது கேட்கிறது. சளப், சளப். ஜன்னல் விளிம்பில் வெளிச்சம் விழுகிறது. போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறேன். பயம்தான். பயத்துக்குள் ஒரு நிம்மதியும் இருக்கிறது, வீட்டு மனுஷர் கொல்லையில் வேலையாக இருக்கும்போது வருகிற நிம்மதி. வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

கடை: அக்ரஹாரத்துத் தண்ணீர் மோட்டார் முடிந்தது. கம்பி தீர்ந்தது, வாங்கு.

அக்டோபர் 27, திங்கள்

நேற்று மாலை மரத்தடியில் மூடி போட்ட தூக்கில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். "உசுரோட இருந்தா உள்ள வாங்க. இந்த வெளையாட்டெல்லாம் வேணாம்," என்று சொன்னேன். சத்தமாகவே.

காலை. தூக்கு திறக்கவில்லை. எறும்பு.

முடிச்சு இடப்பக்கம். 12.8.

சாப்பாடு வேண்டாமாம். வேலை மட்டும் போதுமாம். இருந்தபோதும் அந்த ஆள் அப்படித்தான்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஜெனி. சேசு அவளிடம் சிலுவை பற்றிப் பேசியிருக்கிறார். எனக்குச் சண்டை போட வார்த்தை தயாராக இருந்தது. அவள் சண்டை போடவில்லை.

"எல்லாரும் அவங்கவங்க கல்லறையில மெழுகுவத்தி ஏத்துறாங்கம்மா. நான் எங்க போயி ஏத்துறது? ரெண்டு வருஷமா கோயில் செவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்பா வருவாருன்னு நீங்க நெனக்கிறீங்க. சரி. நான் எத்தன நாளைக்கு நெனக்கணும்?"

பதில் சொல்ல என்னிடம் ஒரு முடிச்சு மட்டும்தான் இருந்தது. அதை எப்படிப் போனில் சொல்வது.

சரி என்றேன்.

அக்டோபர் 29, புதன்

சரி என்று ஏன் சொன்னேன்.

காலையில் கயிற்றை அவிழ்க்கும்போது முடிச்சு எப்போதையும்விட இறுகியிருந்தது. நகம் உடைந்தது.

நவம்பர் 1, சனி

ஜெனி வந்தாள். மெலிந்திருக்கிறாள். ஹாஸ்டல் சாம்பார் என்கிறாள்.

காலையிலேயே பஸ்ஸில் இறங்கிவிட்டாள். பல்பைக் காட்டக் கொல்லைக்குக் கூட்டிப் போனேன். இன்னும் கயிறு அவிழ்க்கவில்லை. அவள் மரத்தடியில் நின்றாள். சின்ன வயதிலிருந்து கடையில் கிடந்த பிள்ளை, அவளுக்குத் தெரியாதா.

"யாரும்மா அப்பா மாதிரி கட்டுனது?"

"நான்தான்."

"நீங்க இப்படிக் கட்ட மாட்டீங்களே."

"பழகிக்கிட்டேன்."

என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வாய்க்காலைப் பார்த்தாள். "உள்ள வாங்கம்மா," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

காலையில் மழை விட்டுக் கொடுத்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் செவ்வந்தி, சுண்ணாம்பு வாசனை. சேசு ஓரத்தில் குழி வெட்டி வைத்திருந்தார். சின்னக் குழி. ஒரு ஆளுக்கு இத்தனை சின்னக் குழி போதுமா என்று தோன்றியது.

உள்ளே வைக்க நான் கொண்டுபோனது: அவருடைய பிளையர், பாதி தீர்ந்த நாடாச் சுருள். ஃபாதர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மண் போட்டோம். சிலுவையில் அந்தோணி என்று பெயின்ட், இன்னும் காயவில்லை.

ஜெனி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அழுதாள். இரண்டு வருஷத்தில் அவள் அழுது இன்றுதான் பார்க்கிறேன். குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள். அழுது முடித்ததும் பசிக்குது என்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு தின்றாள். அதற்காகவே இதை எப்போதோ செய்திருக்கலாம்.

மாலை சக்கரத்தைத் தூக்கி வலப்பக்கம் கட்டினேன். 12.2.

நவம்பர் 3, திங்கள்

ஜெனி முதல் பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது சிரித்தாள்.

கயிறு நான் கட்டியபடியே இருந்தது.

12.2.

நவம்பர் 4, செவ்வாய்

நான் கட்டியபடியே. 12.1.

ராத்திரி சத்தமே இல்லை. இத்தனை நாள் போர்வைக்குள் பயந்து கிடந்தவள், நேற்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். வாய்க்கால் இரைச்சல் மட்டும்.

கடையில் ஒரு மோட்டாரைத் திறந்தேன். உள்ளே அவர் கட்டு. வால் இடப்பக்கம். எரியவில்லை, பேரிங் மட்டும்தான் போயிருந்தது. மூடியைப் போட்டு மூடிவிட்டு, நாளை வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

பிளையரை எதற்குக் குழிக்குள் வைத்தேன். ஒரு சட்டையை வைத்திருக்கலாமே. அந்த ஆள் கையில் பிளையர் இல்லாமல் என்ன செய்வார்.

நவம்பர் 5, புதன்

வெயில். கலிங்கு குறைந்துவிட்டது. வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர். சக்கரம் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. நாளையோ மறுநாளோ நின்றுவிடும். அடுத்த மழை எப்போதோ.

மாலை கயிற்றை எடுத்தேன். இடது கையால் கட்டிப் பார்த்தேன். விரல் பேச்சுக் கேட்கவில்லை. முதல் தடவை நழுவி, சக்கரம் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. மறுபடியும் நழுவியது. மரத்தடியில் உட்கார்ந்து, அவர் எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவர் கையைப் பார்த்து என் கையை மாற்றி மாற்றி. இருட்டுகிற நேரத்தில் முடிச்சு நின்றது. கோணல். ஆனால் இடப்பக்கம் சுற்றி, வால் இடப்பக்கம். அவர் பார்த்தால் சிரிப்பார்.

"இது ஒங்க கட்டு," என்றேன்.

பல்பு அணைத்தேன். 12.1. கதவைப் பூட்டிச் சாவியை அரிசிக்குள்.

நவம்பர் 6, வியாழன்

காலை. அரிசியில் உள்ளங்கை அப்படியே.

பேட்டரி 12.8.

முடிச்சு வலப்பக்கம். வால் வலப்பக்கம். என் கட்டு, நான் கட்டுவதைவிட நேர்த்தியாக.